பழைய நாஸ் பெட்டிக்கு அடாப்டர் தேடுதல்

நாஸ் என்பது ஓர் இடத்திலுள்ள எல்லாக் கணினிகளும் பொதுவில் எடுத்தாளும்படி நெட்வொர்க்கில் மாட்டிவைத்த ஹார்ட் டிஸ்க் பெட்டி. கோயம்புத்தூரில் இது பெரும்பாலும் கல்யாணப் போட்டோ ஸ்டுடியோவிலும் ஆடிட்டர் ஆபீசிலும் காணப்படும். இவை தவிர, வெளிநாட்டு மகன் வாங்கிவந்து வைத்துவிட்டுத் திரும்பிப்போன வீடுகளிலும் உண்டு. அங்கே அது எதற்கென்று யாருக்கும் தெரியாது; ஆனாலும் தூசி படாமல் துணி போட்டு மூடி, ஆயுத பூஜைக்குப் பொட்டும் வைத்திருப்பார்கள். கொங்குச் சடங்கான எழுதிங்கள் சீர் வீடியோ முதல் பேரனின் முதல் மொட்டை வரை எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்பது, பெட்டி ஒருநாள் எழுந்திருக்க மறுக்கும்போதுதான் தெரியவரும்.

மறுப்பதில் ஒரு முறை உண்டு. விளக்கு எரியும், டிஸ்க் உறுமும், டிக்கென்று ஒரு சத்தம், எல்லாம் அணையும், மறுபடி முதலிலிருந்து. வைரஸ் என்பது வீட்டாரின் முதல் கருத்து. அடுத்து வரும் எலக்ட்ரீஷியன் அடாப்டரின் முனையில் மல்டிமீட்டரை வைத்து, 12 வோல்ட் காட்டுவதைப் பார்த்து, "கரண்ட் வருதுங்களே" என்று அடாப்டருக்கு நற்சான்று கொடுத்துவிட்டுப் போவார். சுமையில்லாமல் அளந்தால் சாகக் கிடக்கும் அடாப்டரும் 12 காட்டும். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் கேட்கும். ஓட்டம் பிடித்த பிறகு அதில் பாதிகூடத் தேவையில்லை. இரண்டு டிஸ்க் ஒன்றாக எழும் அந்தச் சில விநாடிகளில்தான் அடாப்டர் மண்டியிடுகிறது. இரண்டையும் உருவிவிட்டு வெறும் பெட்டியை மட்டும் ஓடவிட்டால் பிடிவாதமின்றி ஓடும். அப்படி ஓடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அடாப்டரை.

அடாப்டருக்குள் இருக்கும் மின்பகு கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் காய்ந்துபோகின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. அடாப்டரை இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பின்னால் சொருகி, மேலே துணியும் போடுவது நம்மவர்களின் கணக்கு. 2012 வாக்கில் மணிக்கொரு தரம் போய்வந்த மின்சாரத்தைப் பார்த்த அடாப்டர் இன்னும் உயிரோடிருந்தால் அதற்குத் தனியாகவே பொட்டு வைக்கலாம்.

புதியது வாங்கப் புறப்படுமுன் பழையதன் லேபிளைப் படிக்க வேண்டும். படிக்கக் கண்ணாடியும், சில சமயம் பூதக்கண்ணாடியும் தேவை. வோல்ட் அச்சாக ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் குறையக்கூடாது, கூடினால் தவறில்லை. 5 ஆம்பியர் போட்டிருந்த இடத்தில் 10 ஆம்பியர் மாட்டினால் பெட்டி புகைந்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைத்தார்கள் என்பதற்காகப் பந்தியில் உட்கார்ந்தவர் ஆயிரம் பேர் சோற்றையும் தின்றுவிடுவதில்லை. பெட்டி தனக்கு வேண்டிய ஆம்பியரை மட்டுமே எடுக்கும். உருளை பின்னாக இருந்தால் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதை லேபிளில் உள்ள சிறு படம் சொல்லும். வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டராகவே இருந்தாலும் உள்துளை 2.1, 2.5 என இரண்டு வகை உண்டு. 2.1 பின் 2.5 சாக்கெட்டில் ஏறவே ஏறாது. 2.5 பின் 2.1 சாக்கெட்டில் ஏறி, யாராவது கதவைச் சாத்தும் வரை வேலை செய்யும்.

தேடல் காந்திபுரத்தில், நூறடி ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் தொடங்குவது வழக்கம். கடைக்காரர் பழைய அடாப்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதெல்லாம் இப்ப வர்றதில்லீங்ணா, புதுசே வாங்கிக்குங்க" என்பார். லேப்டாப் சர்வீஸ் கடையில் 19 வோல்ட்டை நீட்டுவார்கள். அது பின்னில் கச்சிதமாகப் பொருந்தும், அதுதான் ஆபத்து. சிசிடிவி கடையில் 12 வோல்ட் 2 ஆம்பியர் குவியலாகக் கிடக்கும். "12 வோல்ட்டுதானுங்க, எல்லாம் ஒண்ணுதானுங்க" என்பது அங்கே தத்துவம். உக்கடம் பழைய சாமான் கடைகளில், "பொழுதோட வாங்க, தேடி வெக்கறேன்" என்பார்கள். பொழுதோட போனால் பிரின்டர் அடாப்டர் காத்திருக்கும். எந்தக் கடையிலும் கடைசி ஆலோசனை ஒன்றே: சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப்பாருங்கள்.

1932இல் பைக்காரா மின்சாரம் வந்ததிலிருந்து மில்லும் மோட்டாருமாக வளர்ந்த ஊர் இது. பம்ப் எரிந்தால் பொழுதுசாய்வதற்குள் காயில் கட்டிக் கொடுப்பார்கள். கிரைண்டருக்கு ஊர்ப் பெயரிலேயே புவிசார் குறியீடு இருக்கிறது. அதனால் அடாப்டரையும் கையில் தூக்கிப் பார்த்தே மதிப்பிடுகிறார்கள்: "நல்ல கனமுங்க, செம்பு இருக்குது." 50 ஹெர்ட்ஸில் ஓடும் பழைய டிரான்ஸ்பார்மருக்கு இது பொருந்தும். எஸ்.எம்.பி.எஸ். வகை அடாப்டரோ மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுப்பதால், அதற்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் மிகச் சிறியதாக இருந்தாலும் போதும். கனத்தைவிட, ஐஎஸ் 13252 என்ற தர எண்ணும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்ப்பது பயன்தரும்.

நாலு பின் வந்துவிட்டால் சிக்கல் வேறு. 2011 வாக்கில் வந்த சைனாலஜி இரண்டு டிஸ்க் மாடல்கள் சிலவற்றுக்கு 12 வோல்ட் 6 ஆம்பியர் அடாப்டர். நாலு பின்னில் இரண்டு பிளஸ், இரண்டு மைனஸ். வெளி ஹார்ட் டிஸ்க்குகளுக்கு வந்த பல நாலு பின் அடாப்டர்களோ ஒரு பின்னில் 12 வோல்ட்டும் மற்றொன்றில் 5 வோல்ட்டும் கொடுப்பவை. டி-லிங்கின் டிஎன்எஸ்-323 பெட்டிக்கும் இரண்டு வோல்ட்டும் வெளியிலிருந்தே வர வேண்டும். பின் பொருந்துகிறதே என்று மாற்றிச் சொருகினால் 5 வோல்ட் பாதையில் 12 பாயும். டிஸ்க்கின் போர்டில் இருக்கும் டிவிஎஸ் டயோடு தன்னைப் பலிகொடுத்துச் சில சமயம் மற்றதைக் காப்பாற்றும். அதை நம்பி யாரும் சோதனை செய்வதில்லை, கடைப்பையன்களைத் தவிர.

எங்கும் கிடைக்காதபோது ஒரு வழி உண்டு. கிராஸ்கட் ரோட்டு எல்.இ.டி. பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் இருக்கும் துளையிட்ட தகரப்பெட்டி எஸ்.எம்.பி.எஸ்., 12 வோல்ட் 10 ஆம்பியரில் சுலபமாகக் கிடைக்கிறது. பழைய அடாப்டரின் ஒயரை அதன் கழுத்தோடு வெட்டி, எந்த ஒயர் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று மீட்டரில் பார்த்துக்கொண்டு, தகரப்பெட்டியின் திருகில் முடுக்கலாம். அதிலுள்ள சிறிய திருகைத் திருப்பினால் வோல்ட் ஏறும், இறங்கும். பலகை பளிச்சென்று எரியட்டும் என்று கடையிலேயே 13க்கு மேல் ஏற்றி வைத்திருக்கலாம் என்பதால், நாஸைச் சொருகும் முன் அளந்து 12க்குக் கொண்டுவர வேண்டும். மறுமுனைத் திருகுகளில் 230 வோல்ட் திறந்தே கிடக்கும். எர்த் கொடுத்து, குழந்தையும் பல்லியும் நுழையாத டப்பாவில் அடைத்து, காற்றுக்கு வழிவிட்டு வைப்பது அவசியம். துணி வேண்டாம்.

இதற்கும் துணிவில்லாதவர், டிஸ்க்கை உருவி லினக்ஸ் ஓடும் கணினியில் மாட்டலாம். சைனாலஜி போன்ற பெட்டிகள் உள்ளே லினக்ஸ் முறைகளையே பயன்படுத்துவதால் படங்களைப் பெரும்பாலும் வெளியே எடுத்துவிட முடியும். கணினி கேட்டால் டிஸ்க்கை பார்மேட் செய்யச் சம்மதிக்காமல் இருந்தால் போதும்.

அடாப்டர் கிடைத்துப் பெட்டி எழுந்ததும், முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். இரண்டு டிஸ்க்கில் ஒரே படம் இருப்பது, இரண்டுக்கும் ஒரே அடாப்டர் இருக்கும்வரை நகலாகாது. அதன்பின் பெட்டி தன் டிஸ்க்குகளைச் சரிபார்க்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இடையில் கரண்ட் போனால் வேலை கெடும் என்பதால், தொடங்குவதற்கு முதல்நாள் நாளிதழில் 'நாளைய மின்தடை' பகுதியைப் படித்து, மாதாந்திரப் பராமரிப்புக்குத் தங்கள் துணை மின்நிலையத்தின் பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.