புழுதி உபயம்

அந்தப் படத்தில் இருக்கும் புழுதி என்னுடையது. வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலையிலிருந்து எங்கள் சொந்தபந்தம் முழுவதும் ஒரே படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்துகொண்டிருக்கிறது. செஞ்சி மலையடிவாரம். மண்தடம். முன்னால் வெள்ளாடுகள், பின்னால் இடிந்த மதில், நடுவில் பொன்னாகப் பறக்கும் புழுதி. ‘அந்திப் பொழுதில் ஆட்டு மந்தை’ என்று தலைப்பு. வலது மூலையில் என் மச்சானின் பெயர், கையெழுத்து மாதிரி சாய்த்து, நெளித்து. கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவர்கூட வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு ‘உபயம்’ என்று பெயர் எழுதிக்கொள்கிற ஊர் இது. துண்டை உதறிக்கொண்டு ஓடி ஓடி அந்தப் புழுதியைக் கிளப்பியவனுக்கு ஓர் ஓரத்தில் ஓர் எழுத்து இல்லை. முதல் பிரதியில் என் முழங்கை இருந்தது. அதையும் ‘க்ராப்’ பண்ணிவிட்டார். போதாக்குறைக்கு அந்தி என்கிறார். அப்போது காலை பத்தரை மணி.

இருக்கட்டும். நான் எழுத உட்கார்ந்தது ராஜகிரியைப் பற்றி. செஞ்சிக் கோட்டை மூன்று மலைகளை வளைத்துக் கட்டியது: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. இருப்பதில் உயரம் ராஜகிரி, ஏறக்குறைய 800 அடி. 1677இல் சிவாஜி கோட்டையைப் பிடித்தார். பின்னால் அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயப் படை வெளியே முற்றுகை போட்டது. 1698இல் கோட்டை விழுவதற்குள் ஏழெட்டு வருடம் ஓடிவிட்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தார்களே, அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை இதுதான். உச்சிக்குப் போகிற வழியில் ஒரு பாறைப் பிளவு, அதன்மேல் ஒரு பாலம். தாண்டினால் ரங்கநாதர் கோயில். அங்கே நின்று பார்த்தால் என்ன தெரியும் என்பதைத்தான் சொல்ல வந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஆடு.

நீங்களும் செய்பவர்தானே, உங்களிடம் என்ன மறைப்பு? திண்டிவனம் தாண்டி, அடுக்கி வைத்த மாதிரிப் பாறைக்குன்றுகள் தென்பட ஆரம்பித்ததுமே காரை ஓரங்கட்டச் சொல்லியிருப்பீர்கள். ‘ஒரே ஒரு படம், ரெண்டு நிமிஷம்’ என்று இறங்கியிருப்பீர்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள். எங்கள் வண்டியில் பெருமூச்சு இலாகா முழுவதும் என் பொறுப்பு. மற்ற மூவரும் கேமராக்காரர்கள். மச்சான் காலமெல்லாம் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட வந்த நண்பர்களில் ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் தமிழாசிரியராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். பை தூக்க நான்.

பொன்வெயிலில் மந்தை கிளம்புவதை எடுக்க வேண்டும் என்று நடுராத்திரியில் எழுப்பினார்கள். விடியலில் போய்ச் சேர்ந்தோம். வெயில் பொன்னாகத்தான் வந்தது. மந்தை வரவில்லை. பட்டியோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஆயாவிடம் மச்சான் போனார்.

“ஆயா, ஆட்டை எப்ப ஓட்டுவீங்க?”

“பனி காயட்டும்பா. ஈரப்புல்ல மேஞ்சா வயித்துல புழு வைக்கும்.”

“வெளிச்சம் போயிடுமே!”

ஆயா கிழக்கே திரும்பிப் பார்த்தார். “இப்பத்தானே வருது?”

மாசி மாதப் பனி அவசரப்பட்டுக் காய்வதில்லை. ஆடுகள் வெளியே வரும்போது பொன்வெயில் வெள்ளை வெயிலாகிவிட்டது. வந்த ஆடுகள் அத்தனையும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேய ஆரம்பித்தன. முதுகு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கிராமியப் புகைப்படம் எடுக்கிற எவருடைய கணினியையும் திறந்து பாருங்கள், பாதிக்கு மேல் இந்த மரியாதைக்குரிய முதுகுதான் இருக்கும். வெளியில் காட்டமாட்டார்கள்.

ஆட்டைத் திரும்பிப் பார்க்க வைப்பது எப்படி? இங்கேதான் படித்த, பதவி வகித்த, பேரன் பேத்தி எடுத்த மனிதர்கள் சத்தம் போட ஆரம்பிக்கிறார்கள். முதலில் தலைமையாசிரியர் நாக்கை அண்ணத்தில் தட்டி ‘டொக் டொக்’ என்றார். அது குதிரைக்கு. பல் டாக்டர் உதட்டைக் குவித்து ‘ப்ச் ப்ச்’ என்றார். அது நாய்க்கு. மச்சான் ‘பா பா பா’ என்று கையை வேறு நீட்டினார். அது கோழிக்கு, வேலியோரம் இருந்து ஒரு கோழி ஓடியும் வந்தது. ஆடு ஒன்றும் அசையவில்லை. பிறகு மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இருபுறமும் பார்த்துவிட்டு, ‘மே’ என்றார்.

எத்தனையோ கிளை மேலாளர்களை நடுங்க வைத்த தொண்டை அது. ஆடு நடுங்கவில்லை.

“உங்க ‘மே’ல உயிர் இல்ல சார்,” என்றார் தலைமையாசிரியர். “அளபெடை வேணும். மேஎஎஎ.” அவர் அளபெடுத்ததும் ஒரு குட்டி பதில் குரல் கொடுத்தது. மூன்று பேரும் பரவசமாகிக் கேமராவைத் தூக்கினார்கள். தாயாடு நிமிர்ந்து பார்த்தது, எங்களை இல்லை, குட்டியை. கண்டவர்களோடு என்ன பேச்சு என்கிற தோரணையில் அதைக் கூட்டிக்கொண்டு வேலமரத்துக்குப் பின்னால் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் அளபெடை அடங்கவே இல்லை. ஒருவர் உச்சஸ்தாயி, ஒருவர் மந்தரஸ்தாயி. சாலையில் போன பஸ் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. பல் டாக்டருக்கு மட்டும் ஒரு கிடா இரக்கப்பட்டு, நேருக்கு நேர் திரும்பி, மேலுதட்டைத் தூக்கிக் காட்டியது. எடுக்க வேண்டியதுதானே? மனிதர் கேமராவை இறக்கிவிட்டு, “பாருங்க சார், மேல் வரிசையில முன்பல்லே கிடையாது. வெறும் ஈறுதான்!” என்று எங்களைக் கூப்பிட்டுக் காட்ட ஆரம்பித்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கிடா வாயை மூடிக்கொண்டது.

இதில் விஷயம் என்னவென்றால், ஆடு நம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதன் கண்மணி படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். கண்கள் தலையின் இரு பக்கமும். மேய்ந்தபடியே, தலையைத் திருப்பாமலே, சுற்றிலும் 300 பாகைக்கு மேல் பார்த்துவிடும். அதாவது டொக் டொக், ப்ச் ப்ச், அளபெடை எல்லாவற்றையும் அது முழுசாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பார்த்துவிட்டு எடுத்த முடிவுதான் அந்த முதுகு. வால் தொங்கினால் செம்மறி, நிமிர்ந்து நின்றால் வெள்ளாடு என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுப்பார்கள். அன்றைக்கு எங்களுக்கு வால் தெரிந்ததில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் படத்தைப் பார்த்த என் சித்தப்பா ‘செம்மறிகள் கொள்ளை அழகு’ என்று எழுதியிருக்கிறார். அவர் கிராமத்தில் பிறந்தவர்.

ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்த ஆயா, “கிடா வாங்க வந்தீங்களா?” என்று கேட்டார். படம் எடுக்க வந்தோம் என்றேன். “கறிக்கடைக்காரங்கதான் இவ்ளோ நேரம் உத்துப் பாப்பாங்க,” என்றவர், கொஞ்சம் யோசித்து, “அவங்களும் கத்தமாட்டாங்க” என்றார்.

அடுத்தது துப்புரவுப் பணி. ஆயா கையில் வைத்திருந்தது மஞ்சள் நிற பிவிசி குழாய். மச்சான் அதைப் போட்டுவிட்டு மரக்கம்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். “கொழாய்தாம்பா லேசு” என்று ஆயா மறுத்துவிட்டதால், ஆயாவையே சட்டகத்திலிருந்து நீக்கினார்கள். பேரனின் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டி மரத்தடியிலிருந்து அகற்றப்பட்டது. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, மின்கம்பி, செல்போன் கோபுரம் மூன்றையும் வீட்டுக்கு வந்து கணினியில் அழித்தார். மதிலில் காதலர்கள் கிறுக்கி வைத்திருந்ததையும் அழித்தார். அதற்கு மட்டும் அவருக்கு என் ஆதரவு உண்டு. ஆக, படத்தில் இருக்கிற கிராமத்துக்குத் தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, ஆள் இல்லை. ‘இங்கேயே போய் வாழ்ந்துவிடலாம் போலிருக்கிறது’ என்று எழுதுகிறார்கள். போய் வாழட்டும். எனக்கு இதில்தான் உண்மையாகவே கோபம். தொட்டி வருவதற்கு அந்த ஊர்க்காரர்கள் எத்தனை மனு எழுதியிருப்பார்களோ, நாம் ஒரே தட்டில் அழித்துவிடுகிறோம்.

இடிபாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதிலுக்குக் கீழே ‘காலம் செதுக்கிய கவிதை’ என்று ஒரு வரி போட்டிருக்கிறார். செஞ்சியில் எல்லாவற்றையும் காலம் செய்யவில்லை. கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி அவை நிற்கின்றன. அங்கேயும் போய் மச்சான் சூரிய உதயத்தில் படம் எடுத்திருக்கிறார். அந்தத் தூண்கள் எங்கிருந்து வந்தன என்று சொன்னேன். “மாப்ள, லைட்ட மறைக்காதீங்க” என்றார்.

நியாயமாகச் சொன்னால் இந்தத் திருத்தும் வியாதி நேற்று வந்ததில்லை. லின்னேயஸ் ட்ரைப் என்று ஒரு ராணுவ கேப்டன், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1858இல் தஞ்சாவூர், மதுரையெல்லாம் சுற்றினார். மெழுகு தடவிய காகித நெகட்டிவ். அசையாமல் நிற்பதை மட்டும்தான் அதில் ஒழுங்காகப் பிடிக்க முடியும். கோயில் அசையாது, அதனால் கோயிலாக எடுத்தார். பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை 21 துண்டாக எடுத்து ஒட்டியிருக்கிறார், ஏறத்தாழ 19 அடி நீளம். அப்பேர்ப்பட்டவரும் வானம் வெறுமையாக இருக்கிறதே என்று நெகட்டிவில் கையாலேயே மேகம் வரைந்தவர்தான். அப்புறம் ஆளுநராக வந்த ட்ரெவெல்யன், புகைப்படம் ஆடம்பரச் செலவு என்று சொல்லி அந்த வேலைக்கே முற்றுப்புள்ளி வைத்தார். அக்காவிடம் இதை இரண்டு முறை எடுத்துச் சொல்லிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் ட்ரெவெல்யன் யாரும் இல்லை.

இனி புழுதி. மந்தை திரும்பி நடக்கும்போது பின்னால் புழுதி பறக்க வேண்டும் என்றார் மச்சான். பனி குடித்த மண், ஆட்டுக்கால் பட்டுக் கிளம்பவில்லை. கொஞ்சம் விரட்டி ஓட்டச் சொல்லிக் கேட்டார். “செனை ஆடு இருக்குது, ஓட விடக்கூடாது” என்று ஆயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சினையில்லாமல் அங்கே சும்மா நின்றது நான் ஒருவன்தான். “மாப்ள, நீங்க கொஞ்சம் துண்ட உதறிக்கிட்டு, கால இழுத்து இழுத்து ஓடுங்களேன்.” ஓடினேன். கேமராவில் ஏதோ மாற்ற வேண்டும் என்றார்கள். மறுபடி ஓடினேன். என் நிழல் விழுகிறது என்றார்கள். வேறு பக்கமாக ஓடினேன். ஆடுகள் ஓரமாக ஒதுங்கி எனக்கு வழி விட்டன. அன்று என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டது அவை மட்டும்தான்.

அதன் பிறகு சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலில் நிழல் சரியாக விழட்டும் என்று ஒரு காத்திருப்பு. ராஜகிரி ஏறும் வழிக்கு வந்து சேர்ந்தபோது அங்கிருந்தவர் கடிகாரத்தைக் காட்டினார். “மணி மூணு தாண்டிடுச்சு சார். இனிமே மேல ஏற விடமாட்டோம்.” மொகலாயப் படை அத்தனை வருடம் மேலே போக முடியாமல் கீழேயே கிடந்ததற்கு வரலாற்று ஆசிரியர்கள் பல காரணம் சொல்கிறார்கள். அவர்களிடம் கேமரா இல்லாததால் ஆட்டைக் காரணமாகச் சொல்ல வழியில்லை.

ஆகையால் ராஜகிரி உச்சியிலிருந்து என்ன தெரியும் என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். காலையில் முதல் வேலையாக ஏறிவிடுங்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். தின்பண்டம் வெளியே தெரிந்தால் குரங்குகள் பிடுங்கிவிடும், பைக்குள் வையுங்கள். வழியில் ஆடு தென்பட்டால் நிற்காதீர்கள். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து நாலு வரி எழுதிப் போடுங்கள், போதும். படம் வேண்டாம்.