போர்டு அண்ணன்

கேமிங் கம்ப்யூட்டர் கட்டப்போகிறேன் என்று ஒருவரிடம் வாய்விட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் போர்டு அண்ணன் வந்து நிற்பார். எல்லா ஆபீஸிலும் ஒருவர் இருக்கிறார், எல்லா அப்பார்ட்மென்ட்டிலும் ஒருவர். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

என்ன கேம் ஆடப்போகிறாய் என்று அவர் கேட்பதில்லை. முதல் கேள்வியே "எந்த சாக்கெட்?" என்பதுதான்.

"வேலரன்ட் மட்டும்தாண்ணா ஆடுவேன். பட்ஜெட் 70,000."

"வேலரன்ட் இன்னைக்குடா தம்பி. நாளைக்கு?"

அந்த நாளையை வைத்துத்தான் அண்ணனின் ராஜ்யம் நடக்கிறது. அஸ்திவாரம் பலமாக இருக்க வேண்டும் என்பார். எக்ஸ்870ஈ மதர்போர்டு போட்டுவிடு, ஃப்யூச்சர் ப்ரூஃப் என்பார். அந்த போர்டுக்கே 30,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். மீதியில் ப்ராசஸர், ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட். கிராபிக்ஸ் கார்டா? "அது தீபாவளிக்குப் பார்த்துக்கலாம்." எந்த வருஷத்துத் தீபாவளி என்று அவர் சொல்வதில்லை.

தரைத்தளம் மட்டும் கட்டி, மாடி எழுப்பும் நாளுக்காக மொட்டை மாடியில் கம்பியை நீட்டி விட்டுவைப்பார்களே, அந்தப் பரம்பரையில் வந்தவர் அண்ணன். பிள்ளைகள் வேறு ஊரில் ஃப்ளாட் வாங்கிப் போன பிறகும் கம்பி துருவேறி நிற்கும். கொடி கட்டித் துணி காயப்போட உதவும். அண்ணனின் சொந்த மெஷினைத் திறந்தால் நாலு எம்.2 ஸ்லாட்டில் ஒன்றில்தான் எஸ்எஸ்டி இருக்கிறது. வைஃபை ஆன்டெனா பிரிக்காத கவரில். நெட்டுக்கு லேன் கேபிள். பிசிஐஇ 5.0 ஸ்லாட்டில் ராஜாவாக வீற்றிருப்பது 2016-ல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1060. கார்டு விலை இறங்கட்டும் என்று காத்திருக்கிறார்.

அவரிடம் மாட்டக்கூடாத சொல் ஒன்று உண்டு: விஆர்எம். எஸ்எம்பிஎஸ் அனுப்புகிற 12 வோல்ட்டை, ப்ராசஸர் தாங்குகிற ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கித் தரும் பகுதி அது. போர்டு படத்தைப் பெரிதாக்கி, சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்னக் கட்டைகளை விரல்விட்டு எண்ணுவார். "பதினாறு ஃபேஸ்!" என்று கண் கலங்குவார். நீங்கள் வாங்கப்போவது 65 வாட் ப்ராசஸர். அதற்கு எட்டே தாராளம் என்று சொல்லிப் பாருங்கள். "நாளைக்கு?"

இன்டெல் பெயரை எடுத்தால் பழைய வழக்குக் கட்டு பிரிந்துவிடும். 2015-ல் 1151, 2020-ல் 1200, அடுத்த வருஷமே 1700, 2024-ல் 1851 என்று சாக்கெட் மாறிய வரலாற்றைத் தேதிவாரியாக ஒப்பிப்பார். எட்டாம் தலைமுறை வந்தபோது அதே 1151 சாக்கெட் இருந்தும் பழைய போர்டு செல்லாது என்றார்களே, அதை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை. எதிர்ப்பக்கம் ஏஎம்டியைச் சொல்லும்போது குரல் தழதழக்கும்: 2017-ல் வாங்கிய ஏஎம்4 போர்டில் 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி உட்கார்ந்ததே! பயாஸ் அப்டேட் செய்தால் போதுமென்றானே!

இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் இந்தக் கதையில் நாளையைக் காப்பாற்றியது சாக்கெட்தான், விலை அல்ல என்பதை அவர் கவனிப்பதே இல்லை. 2022-ல் வந்த பி650 போர்டுகளும் பயாஸ் அப்டேட்டோடு 2024-ன் ரைசன் 9000 வரிசையை ஏற்றுக்கொண்டன. அண்ணன் சொல்லும் போர்டின் பாதி விலைக்கும் கீழே கிடைத்த போர்டுகள் அவை. கேமில் ஃப்ரேம் ஏறுவது கிராபிக்ஸ் கார்டாலும் ப்ராசஸராலும். போர்டு அவை இரண்டுக்கும் தடை போடாமல் இருந்தால் போதும், அதற்கு மேல் கொடுக்கிற காசு பெரும்பாலும் விளக்கு வெளிச்சத்துக்கும் அலுமினியத் தகட்டுக்கும் போகிறது.

அதற்காக அண்ணனைத் தள்ளிவிடவும் முடியாது. விஆர்எம் மேல் ஹீட்சிங்க்கே இல்லாத மலிவு போர்டில் கரன்ட் குடிக்கிற ப்ராசஸரைப் போட்டு, மே மாத மதியத்தில் ஏசி இல்லாத அறையில் ஓட்டினால், அது சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதை நமக்குக் கடைக்காரர் சொல்ல மாட்டார், அண்ணன் சொல்வார். இன்டெல் 1700 சாக்கெட்டில் டிடிஆர்4-க்கு ஒரு போர்டு, டிடிஆர்5-க்கு ஒரு போர்டு, ராமை மாற்றி வாங்கினால் பள்ளமே பொருந்தாது என்பதும் அவர் சொல்லித்தான் பலருக்குத் தெரியும்.

சென்னை ரிச்சி தெருவில் அவரைப் பார்க்க வேண்டும். கடைப் பையன் பெட்டியை நீட்டினால் வாங்க மாட்டார். "பயாஸ் எந்த வெர்ஷன்?"

"புது ஸ்டாக்தான் சார்."

"புது ஸ்டாக்குன்னா எந்த வெர்ஷன்?"

பையன் முதலாளியைப் பார்ப்பான். முதலாளி, தெரிந்த முகமாயிற்றே என்று கல்லாவுக்குள் குனிந்துகொள்வார். அண்ணன் பெட்டியைத் திறந்து, சாக்கெட் மூடியைத் தூக்கி, செல்போன் டார்ச் அடித்து ஏஎம்5-ன் 1718 பின்களையும் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். ஒன்று வளைந்திருந்தாலும் வாரன்ட்டி கிடைக்காது. பின்னால் க்யூ நிற்கும், நமக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

எல்லாம் மாட்டி முடித்த இரவு, பன்னிரண்டு மணிக்கு போன் வரும். "எக்ஸ்போ ஆன் பண்ணியா?" 6000 வேகத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய ராம், பயாஸில் அதைத் தட்டிவிடும்வரை 4800-ல்தான் ஓடிக்கொண்டிருக்கும். தூக்கக் கலக்கத்தில் பார்த்தால் 4800 என்றுதான் இருக்கும்.

ஆகவே போர்டு வாங்கப் போகும்போது அவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பின்னைப் பார்க்கட்டும், வெர்ஷன் கேட்கட்டும், ஜிஎஸ்டி பில்லை வாங்கி மடித்து உங்கள் பையில் வைக்கட்டும். கிராபிக்ஸ் கார்டை மட்டும் முந்தின நாளே அவருக்குத் தெரியாமல் வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பாதீர்கள், ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகளுக்கு அன்று லீவு.