மோட்டார் போடுதலும் நிறுத்த மறத்தலும்

சென்னை மாநகரத்து நடுத்தரக் குடும்பத்தின் இல்லற வாழ்க்கையை ஆராயப் புகுவோர் முதலில் காண வேண்டிய இடம் பூசையறையோ வரவேற்பறையோ அன்று. மாடிப்படியின் அடியில், செருப்பு அடுக்குக்கும் பழைய நாளிதழ்க் கட்டுக்கும் நடுவே, ஒரு சுவிட்சும் ஒரு சிவப்பு விளக்குமாகச் சுவரில் தொங்கும் மோட்டார் பலகையே அவ்விடம். தெருக்குழாயிலோ லாரியிலோ வரும் தண்ணீர் ‘சம்ப்’ எனப்படும் தரைக்கீழ்த் தொட்டியில் சேர்வதும், அங்கிருந்து மோட்டாரால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறுவதும், பின்னர்க் குழாய் வழியே அடுக்களைக்கும் குளியலறைக்கும் இறங்குவதும் ஆகிய மூன்றும் இவ்வில்லறத்தின் அடிப்படை நிகழ்ச்சிகள். இவற்றுள் சேர்தல் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. இறங்குதல் புவியீர்ப்பின் பொறுப்பு. நடுவிலுள்ள ஏற்றுதல் மட்டும் குடும்பத்தின் பொறுப்பாகிவிட்டதால், வீட்டுப் பூசல்களும் பெரும்பாலும் அந்த நடுப்பகுதியிலேயே நிகழ்கின்றன. ஒரு வீடு தன் கருவிகளைப் பேணுவது அவற்றின் பயனுக்கேற்ப அன்று, அவை எழுப்பும் ஓசைக்கேற்பவே என்பதை இந்தத் தண்ணீர்ப் பாதையின் வழியே நடந்து நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தண்ணீர் என்பது ஒரே பொருள் என்ற எண்ணத்தைக் கைவிடுவது இத்துறையின் முதற்பாடம். ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று என்று பள்ளியில் படித்துவிட்டு வரும் பிள்ளை, வீட்டில் நான்கு வகைத் தண்ணீரைப் படிக்க வேண்டியிருக்கிறது. 1978இல் தோன்றிய சென்னைக் குடிநீர் வாரியம் வழங்குவது மெட்ரோ தண்ணீர். அது சமையலுக்கு உரியது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது போர்த் தண்ணீர். கால்சியமும் மக்னீசியமும் கலந்த உப்புகள் மிகுந்திருப்பதால் சோப்பை நுரைக்கவிடாமல் தடுத்து, குழாயின் வாயில் வெள்ளைப் பொருக்கை வளர்த்து, துணியையும் தலைமுடியையும் ஒருசேர விறைக்கச் செய்யும் அந்நீர் குளிப்பதற்கும் துவைப்பதற்கும் உரியது. இருபது லிட்டர் கொள்ளும் நீலநிறக் கேனில் வருவது குடிப்பதற்கு மட்டும் உரியது. அதைக் கொண்டு கை கழுவியவர் அன்று முழுதும் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். மூன்றும் ஒருசேரக் கைவிடும் சித்திரை, வைகாசியில் வந்து சேர்வது லாரித் தண்ணீர். அது எங்கிருந்து வந்தது என்று எவரும் வினவுவதில்லை, எப்போது வரும் என்பதே வினா. வெளியூரிலிருந்து வந்து தங்கும் விருந்தினருக்கு, எந்தக் குழாயைத் திறந்தால் எந்தத் தண்ணீர் வரும் என்பதை விளக்கி முடிப்பதற்குள் அவருடைய காப்பி ஆறிவிடுகிறது.

இத்தண்ணீரை மேலே ஏற்றும் கருவியின் இயல்பை அறிய, ஐரோப்பாவின் பதினேழாம் நூற்றாண்டு வரை செல்ல வேண்டும். குழாயில் தண்ணீரை உறிஞ்சித் தூக்கும் எந்திரம் எத்துணை வலிமையுடையதாயினும் ஏறத்தாழப் பத்து மீட்டருக்கு மேல் அதனால் உறிஞ்ச இயலவில்லை என்பதை இத்தாலியப் பொறியாளர்கள் கண்டு திகைத்தனர். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இச்சிக்கலைக் குறிப்பிட்டார். அவருடன் பணிபுரிந்த டொரிசெல்லி சில ஆண்டுகளுக்குள் பாதரசக் குழாயைக் கொண்டு, தண்ணீரை எந்திரம் இழுப்பதில்லை, வெளியேயுள்ள காற்றின் அழுத்தமே அதைத் தள்ளி ஏற்றுகிறது என்று விளக்கினார். காற்றுக்கு உள்ள வலிமையே இந்த எல்லையை வகுப்பதால், நடைமுறையில் ஏழெட்டு மீட்டர் ஆழத்தோடு உறிஞ்சும் பம்பின் ஆற்றல் முடிந்துவிடுகிறது. நிலத்தடி நீர் கீழிறங்க இறங்க, வாளியும் கயிறும் போய் அடிபம்பும், அடிபம்பு போய் ஜெட் பம்பும், அதுவும் போய்க் கம்ப்ரசரும், இறுதியில் தண்ணீருக்குள்ளேயே இறங்கி நின்று மேல்நோக்கித் தள்ளும் நீர்மூழ்கி மோட்டாரும் இவ்வூர் வீடுகளுக்கு வந்து சேர்ந்த வரலாற்றின் பின்னே இருப்பது அந்தப் பத்து மீட்டரே. எங்கே தோண்டுவது என்பதை மட்டும் இன்றும் பல இடங்களில் உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்ப்பவரே முடிவு செய்கிறார். தண்ணீர் கிடைத்தால் பெருமை தேங்காய்க்கும், கிடைக்காவிட்டால் பழி அந்த வீட்டு வாஸ்துவுக்கும் போய்ச் சேர்கின்றன.

டொரிசெல்லியின் கண்டுபிடிப்பைச் சம்ப்பின் அருகே குந்தியிருக்கும் மெக்கானிக் மூன்றே சொற்களில் சொல்லிவிடுகிறார்: “ஏர் பிடிச்சிருக்கு சார்.” குழாயின் அடிநுனியில், தண்ணீர் மேலேற மட்டும் வழிவிட்டுக் கீழிறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு என்னும் அடைப்பில் ஒரு மணல் பருக்கை சிக்கினாலும், இரவோடு இரவாகக் குழாயிலுள்ள நீர் வடிந்து, அவ்விடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது, மறுநாள் காலையில் மோட்டார் முழங்குகிறதேயன்றித் தண்ணீர் ஏறுவதில்லை. அவ்வேளையில் பம்பின் தலையிலுள்ள சிறு மூடியைக் கழற்றிக் குவளையால் நீர் ஊற்றி நிரப்புவதற்குப் பொறுமை என்னும் பண்பு இன்றியமையாதது என்பதால், அப்பணி பெரும்பாலும் ஓய்வுபெற்ற பெரியவரிடமே ஒப்படைக்கப்படுகிறது. அவர் முப்பது ஆண்டுகள் அலுவலகத்தில் கோப்புகளை நகர்த்திப் பெற்ற பயிற்சி இங்கே கைகொடுக்கிறது.

ஏற்றுதலுக்கு அடுத்த நிலை நிறுத்துதல் ஆகும். நிறுத்த மறத்தலே நடைமுறை என்பதால் அதைத் தனியே ஆராய வேண்டும். மோட்டாரைப் போட்டவர், தொட்டி வழியும் ஓசையைக் கேட்டவர், அதற்காகத் திட்டு வாங்குபவர் ஆகிய மூவரும் ஒருவராக இருத்தல் அரிது. போட்டவர் குளிக்கப் போயிருப்பார். கேட்டவர் எதிர்வீட்டுக்காரராக இருப்பார். திட்டு வாங்குபவர் அந்நேரம் அமைதியாகப் பாடம் படித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையனாக இருப்பார். ஆயிரம் லிட்டர் தண்ணீரைப் பத்து மீட்டர் உயரத்துக்குத் தூக்கக் கணக்குப்படி வேண்டியது ஒரு யூனிட் மின்சாரத்தில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. மோட்டாரும் குழாயும் வீணாக்குவதையெல்லாம் சேர்த்தாலும் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே வரும். எனவே தொட்டி வழிவதால் மின்கட்டணத்துக்கு நேரும் இழப்பு சிறிது. தண்ணீரின் இழப்பு அதனினும் பெரிது. சொற்களின் இழப்போ இரண்டையும் விஞ்சியது. ஆயினும் இதில் ஒரு சமூகப் பயனும் உண்டு. வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றிய சண்டையால் ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை அற்றுப்போன இரு வீடுகளுக்கிடையே, “மாமி, உங்க டேங்க் வழியுது!” என்ற ஒரு வாக்கியம் மட்டும் தடையின்றிச் சென்று வருகிறது.

மறதிக்கு மருந்தாக வந்தது தானியங்கி. தொட்டிக்குள் இறக்கப்பட்ட உலோகக் கம்பிகளைத் தண்ணீர் தொட்டதும் அவற்றினூடே சிறு மின்னோட்டம் பாய, அதை அறிந்து மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் செய்யும் இக்கருவி, பொருத்தப்பட்ட புதிதில் வீட்டாருக்குப் பெருவியப்பை அளிக்கிறது. மேற்சொன்ன போர்த் தண்ணீரின் உப்பு அக்கம்பிகளின் மேல் பொருக்காகப் படிந்தவுடன், தொட்டி நிரம்பியும் நிரம்பவில்லை என்றும், வறண்டும் நிரம்பியிருக்கிறது என்றும் அது தன் போக்கில் முடிவெடுக்கத் தொடங்குகிறது. தொட்டி நிறைந்ததும் கூவும் அலாரம் வேறொரு வகை. முதல் வாரம் அதன் குரல் கேட்டு வீடே ஓடும். பின்னர் ஒருவர் மட்டும் நடப்பார். பின்னர் அக்குரல் தொலைக்காட்சித் தொடரின் பின்னணி இசையோடு கலந்துவிடும். இவ்வரிசையில் அண்மையது கைபேசியோடு இணைந்த கருவி. அதன் பயனாக, அமெரிக்காவில் உறக்கத்தில் இருக்கும் மகனுக்குத் தொட்டி நிறைந்த செய்தி போய்ச் சேர, அவர் எழுந்து தாயை அழைத்து, “அம்மா, மோட்டாரை நிறுத்து” என்கிறார்; தாயோ மோட்டாரை மறந்து, மகன் அந்நேரத்தில் ஏன் தூங்காமல் இருக்கிறான் என்று விசாரிக்கத் தொடங்குகிறார். இறுதியில் எலக்ட்ரீஷியன் வருகிறார். கருவியைச் சற்றே தட்டிப் பார்க்கிறார். அதன் இரு கம்பிகளையும் பிடுங்கி ஒன்றோடொன்று முறுக்கி, “டைரக்ட் கொடுத்துட்டேன்” என்று அறிவிக்கிறார். தமிழகத்து வீட்டுத் தானியங்கிகளின் வரலாறு பெரும்பாலும் இந்த இரு சொற்களில் முடிவடைகிறது.

ஏறி இறங்கிய தண்ணீர் அடுத்துச் சந்திப்பது அடுக்களைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. கருவி. தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் ஒரு மெல்லிய சவ்வின் வழியே செலுத்தி, உப்பை ஒருபுறம் நிறுத்தி நீரை மறுபுறம் வடிப்பது இதன் செயல்முறை. இதற்கு ஏற்ற சவ்வை 1950களின் இறுதியில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் உருவாக்கிய இருவருள், சிட்னி லோப் ஒருவர். மற்றவர் இந்தியரான சீனிவாச சௌரிராஜன். கடல்நீரைக் குடிநீராக்கும் பெருங்கனவோடு பிறந்த அச்சவ்வு சென்னைக் கடற்கரையில் அக்கனவை நிறைவேற்றவும் செய்தது: மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் தொடங்கப்பட்ட ஆலைகள் ஒவ்வொன்றும் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீரை வடிக்கும் திறனோடு அமைக்கப்பட்டவை. நெம்மேலியில் ஒருமுறை சவ்வைக் கடந்து வந்த தண்ணீர், சம்ப்பில் லாரித் தண்ணீரோடு கூடி, மாடி ஏறி இறங்கி, அடுக்களையில் மறுபடியும் ஒரு சவ்வைக் கடக்கிறது.

கடந்த பின்னும் அதற்கு விடுதலை இல்லை; கரைந்த உப்புகளின் மொத்த அளவான டி.டி.எஸ். பரிசோதிக்கப்படுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் வரையறை கூறுகிறது. 500க்கும் கீழே இருக்கும் தண்ணீருக்கு இக்கருவி தேவையில்லை என்பதே 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எடுத்த நிலைப்பாடு. ஆயினும் கருவி விற்க வந்தவர் தன் அளவியைத் தம்ளரில் தோய்த்து ஓர் எண்ணைக் காட்டும்போது, அந்த எண் மிகுதியா குறைவா என்று கேட்கும் துணிவு எவருக்கும் வருவதில்லை. அவர் முகத்தில் தோன்றும் கவலையே போதுமானதாக இருக்கிறது. ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவுநீரை வெளியேற்றுவது பல கருவிகளின் வழக்கமாதலால், அக்கழிவைப் பிடிக்க ஒரு வாளியும், வாளி நிறைவதைப் பார்க்க ஓர் ஆளும் தேவைப்படுகின்றனர். மாடித்தொட்டியைக் கண்காணிக்க இயலாமல் கருவி வாங்கிய குடும்பம், இப்போது வாளியையும் கண்காணிக்கிறது. சவ்வு தேய்ந்தால் இக்கருவி விடாமல் ‘பீப்’ என்று கத்தும் என்பதால் இதற்குரிய ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் மட்டும் நாள் தவறாமல் கட்டப்பட்டுவிடுகிறது.

ஓசையெழுப்பாதவற்றின் நிலை இவ்வாறன்று. மாடித்தொட்டியின் மூடி காற்றில் பறந்து பக்கத்து வீட்டுத் தென்னையடியில் கிடந்தாலும் அது எவரையும் அழைப்பதில்லை. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை விடத் தேங்கிய தெளிந்த நீரையே விரும்பி முட்டையிடும் இயல்பினது. மாநகராட்சிப் பணியாளர் மாடியேறி டார்ச்சை அடித்துப் புழுக்களைக் காட்டும்போதுதான் தொட்டிக்கு மூடி ஒன்று இருந்த செய்தி வீட்டாருக்கு நினைவு வருகிறது.

இவ்வாறு மறக்கப்பட்டவற்றுள் தலையாயது மழைநீர்ச் சேகரிப்புக் குழி. 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியபோது, மாடியிலிருந்து குழாய் இறக்கி, சல்லியும் மணலும் நிரப்பிய குழிகள் தெருத்தெருவாகத் தோன்றின. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியின் மேல் விழும் பங்கு 1,30,000 லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக ஒரு லட்சம் லிட்டர் எஞ்சினாலும், அது 12,000 லிட்டர் லாரிகளில் எட்டுக்கு ஈடாகும். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த இந்நகரம், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்தது. அப்போதும் இந்நகரத்து வீடுகள் பலவற்றின் முற்றத்தில் குழி இருந்தது, அதன் மேல் பூந்தொட்டி இருந்தது. மின்சாரம் கேட்காத, சவ்வு தேயாத, காயில் எரியாத ஒரே தண்ணீர்க் கருவியான அதற்கு ஒரு சுவிட்சோ சிவப்பு விளக்கோ இல்லை என்பதுதான் அது செய்த குற்றம்.

ஆகவே, கத்தும் கருவிகளைக் கவனிக்க இனியும் எவருக்கும் அறிவுரை வேண்டியதில்லை. அதை அவை தாமே பார்த்துக்கொள்ளும். கத்தாத குழிக்காகக் கத்துவது மட்டும் வீட்டாரின் கடமையாகிறது. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஐப்பசியை ஒட்டித் தொடங்குவதால், புரட்டாசியில் ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தொட்டியை நகர்த்தி, குழியின் மூடியைத் திறந்து, சேறேறிய சல்லியை அள்ளிக் கழுவிப் போட்டு, மாடிக்குழாயின் வாயிலுள்ள சருகுகளை அகற்றிவிட வேண்டும். அப்பணியின் நடுவே மோட்டாரை நிறுத்த மறந்தாலும் கவலையில்லை. எதிர்வீட்டு மாமி சொல்லிவிடுவார்.