கல்யாணத்தை ஓட்டாத மிஷின்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் கணக்கு எழுதிய கம்பெனி, 2009 தீபாவளிக்குச் சொன்ன தேதியில் போனஸ் கொடுத்துவிட்டது. பத்தாயிரத்துக்குச் சில்லறை குறைவு. கவரைப் பிரிப்பதற்குள் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. பழைய விசிடி பிளேயர் ஆடி மாசமே மூச்சை விட்டிருந்ததால் அம்மாவும் மனைவியும் டிவிடி பிளேயர் கட்சி. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் வீடியோ கேம் கட்சி. தலையை எண்ணினால் அவன் சிறுபான்மை, சத்தத்தில் தனிப்பெரும்பான்மை.

நான் நடுநிலை. அதாவது, யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வது சரி.

இந்த நேரம் பார்த்து ஆவடியிலிருந்து மச்சான் வந்து சேர்ந்தான். என் மனைவியின் தம்பி. எந்தப் பொருளைப் பற்றியும் அதை வைத்திருப்பவனைவிட அதிகம் தெரிந்தவன்.

“மாமா, எதுக்கு ரெண்டு மிஷின்? ப்ளேஸ்டேஷன் டூ வாங்குங்க. கேமும் ஆடலாம், டிவிடியும் ஓடும். ஜப்பான்ல ஜனங்க படம் பார்க்கத்தான் இதை வாங்கினாங்க, தெரியுமா?”

அவன் சொல்வதில் பாதிக்கு மேல் நான் நம்புவதில்லை. ஆனால் இது உண்மை. 2000-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் தேதி ஜப்பானில் அந்த மிஷின் 39,800 யென்னுக்கு வந்தபோது, கேம் ஆடத் தெரியாதவர்களும் டிவிடி பார்ப்பதற்காக அதை வாங்கினார்கள். அங்கே ‘மேட்ரிக்ஸ்’ டிவிடி அமோகமாக விற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள். எங்களுக்குக் கல்யாணமானதும் அதே 2000 மார்ச்சில்தான். மனைவியிடம் இதை ஒரு நல்ல சகுனமாகச் சொன்னேன். பின்னால் அந்தச் சகுனத்தை அவள் எனக்குப் பலமுறை நினைவுபடுத்தினாள்.

டோக்கியோவில் 2000-இல் சரியாக இருந்த கணக்கு அம்பத்தூரில் 2009-இல் சரியாக இருக்குமா என்று, கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் யோசித்திருக்க வேண்டும். கேம் மிஷின் ஏழாயிரத்தை ஒட்டி. ஊர் பேர் தெரியாத டிவிடி பிளேயர் ஆயிரத்து இருநூறு. அடுத்த தலைமுறை ப்ளேஸ்டேஷன் 3 என்று ஒன்று, ப்ளூரேயும் ஓடும் என்ற பெருமையோடு 2007-லேயே இந்தியாவுக்கு வந்திருந்தது. விலை 39,990 ரூபாய். அந்தப் பணத்துக்குத் திருநின்றவூர் பக்கம் ஒரு மனைக்கு அட்வான்ஸ் போட்டிருக்கலாம். போட்டிருக்கலாம்.

மாமனார் மட்டும் இந்தத் திட்டத்தை எதிர்த்தார். அவர் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். (பெண் பார்க்கப் போனபோது என் பெரியம்மா, “பிளாஸ்டிக் டேங்கா, சிமென்ட் டேங்கா?” என்று கேட்டுவிட்டார். 1965-இல் விஜயந்தா பீரங்கி வண்டி உருண்டு வெளியே வந்த தொழிற்சாலையைப் பற்றி அப்படிக் கேட்டதை மாமனார் இன்னும் மறக்கவில்லை.) அர்ஜுன் டேங்க் 58 டன்னுக்கு மேல். அதைப் பார்த்த கண்ணுக்கு, கையால் தூக்க முடிகிற எதுவும் மிஷின் இல்லை.

“ரெண்டு வேலை செய்யும்னு சொல்ற மிஷின் ஒரு வேலையும் ஒழுங்கா செய்யாது மாப்ளே” என்றார்.

கடைசியாகப் பேசியது மச்சான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் எலக்ட்ரிக் ட்ரெய்னில் சென்ட்ரல் வந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். கடைக்காரரிடம் “டிவிடி ஓடுமா?” என்று கேட்டேன். “சூப்பரா ஓடும் சார்” என்றார். நான் கேட்டதும் அதுதான், அவர் சொன்னதும் அதுதான், அவர்மேல் குற்றமில்லை. “சிப் போட்டுத் தரட்டுமா? காப்பி டிஸ்க்கெல்லாம் ஓடும், கேம் அம்பது ரூபாதான்” என்று குரலைத் தாழ்த்தினார். தமிழ்நாட்டில் திருட்டு விசிடிக்காரர்களை 2004-லேயே குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள நான் குண்டர் என்று உள்ளே போனால், அந்தச் சட்டத்துக்குத்தான் அவமானம். வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் வீடே கூடிவிட்டது. மாமனார் பெட்டியை ஒரு கையில் தூக்கிப் பார்த்தார். ஒரு கிலோகூட இல்லை. ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார். மச்சான் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரை டிவியில் சொருகினான். முதல் மரியாதை அம்மாவுக்கு என்று ‘திருவிளையாடல்’ சிடியை உள்ளே வைத்து மூடினேன். விர்ரென்று சுற்றியது. சிவன் வரவில்லை. திரை முழுக்கச் செக்கச் சிவந்த புகை மாதிரி ஒன்று எழுந்து, நடுவில் ஆங்கிலத்தில் எழுத்து வந்தது.

“நெற்றிக்கண்ணாடா?” என்றாள் அம்மா.

மகன் எழுத்துக்கூட்டிப் படித்தான். ப்ளேஸ்டேஷன் அல்லது ப்ளேஸ்டேஷன் டூ வகைத் தட்டைப் போடவும் என்று இருந்தது. சிடியை வேட்டியில் துடைத்துப் போட்டேன். சிவப்பு. பேஸ்ட் தேய்த்துக் கழுவிப் போட்டேன். சிவப்பு. அம்மாவின் பெட்டியில் இருந்த ஐம்பது, அறுபது சிடியில் பத்து போட்டுப் பார்த்தோம். எல்லாமே சிவப்பு.

விஷயம் இதுதான். நம் வீடுகளில் இருந்தவை டிவிடி இல்லை, விசிடி. மேல்நாட்டுக்காரர்கள் கேசட்டிலிருந்து நேராக டிவிடிக்குத் தாவினார்கள். நடுவில் இருந்த விசிடி என்ற படியில் ஆசியாக்காரர்கள் நாம்தான் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஒரு சிடியில் சுமார் 74 நிமிடம். ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டோ மூன்றோ சிடி. சண்டைக்கு நடுவே எழுந்து தட்டு மாற்ற வேண்டும். போதாததற்கு மோசர் பேர் கம்பெனி படச் சந்தைக்குள் வந்து விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்க ஆரம்பித்தது. ஆறு ரூபாய் மிச்சம் என்று அம்மா விசிடியாகவே வாங்கிக் குவித்தாள். முதல் ப்ளேஸ்டேஷனில் ஆசியாவுக்கென்றே விசிடி ஓட்டும் வெள்ளை மாடல் ஒன்று 1997-இல் இருந்தது. இரண்டாவதில் அந்த ஏற்பாடே கிடையாது. நான் கேட்டிருந்தால் கடைக்காரர் சொல்லியிருப்பார்.

அப்போது மனைவி எழுந்து உள்ளே போய், பட்டுப்புடவைக்கு நடுவிலிருந்து மூன்று சிடியை எடுத்து வந்தாள். எங்கள் கல்யாணம். கேசட்டில் எடுத்து, பிறகு விசிடியில் ஏற்றியது. முதல் தட்டு ரிசப்ஷன், இரண்டாவது முகூர்த்தம், மூன்றாவது பந்தி.

“இதைப் போடுங்க.”

“அதுவும் ஓடாதும்மா…”

“போடுங்க.”

போட்டேன். வீடு முழுக்க சிவப்பு வெளிச்சம். எங்கள் கல்யாணம் செல்லாது என்று ஒரு ஜப்பான் மிஷின் மாமனார் முன்னிலையில் தீர்ப்புச் சொன்னது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார். மிஷினைச் சொன்னாரா, மாப்பிள்ளையைச் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை.

அடுத்த வாரம் அம்பத்தூர் ஓ.டி.யில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஒரு டிவிடி பிளேயர் வாங்கினேன். எதுக்கு ரெண்டு மிஷின் என்றுதான் இரண்டு வேலை செய்யும் மிஷினை வாங்கினோம். கடைசியில் இரண்டும் வீட்டில் இருந்தன.

வாரண்டி ஸ்டிக்கர் கிழியும் என்று சொல்லச் சொல்ல, மாமனார் டிவிடி பிளேயர் மூடியை ஸ்குரூ டிரைவரால் திறந்துவிட்டார். முன்பக்கம் தட்டு போகும் லோடர். இடது ஓரம் கரண்டுக்கு ஒரு சின்ன போர்டு. வலது ஓரம் உள்ளங்கை அளவு பச்சை போர்டு. மீதி முக்கால்வாசிப் பெட்டி காலி கிரவுண்டு. உள்ளே ஒரு செத்த கரப்பான் வேறு, நிம்மதியாகக் கால் நீட்டிப் படுத்திருந்தது.

“ஆயிரத்து இருநூறுக்குக் காத்து வாங்கியிருக்கீங்க மாப்ளே.”

ஆனால் அந்தக் காத்து எதையும் வேண்டாம் என்று சொல்லாது. விசிடி, டிவிடி, நூற்றைம்பது பாட்டு அடைத்த எம்பி3, மச்சான் பென் டிரைவில் கொண்டுவந்த பெயரில்லாத படம், எல்லாம் ஓடும். மைக் சொருகிப் பாடவும் ஒரு ஓட்டை. இந்தியாவுக்கு டிவிடி மண்டலம் ஐந்து என்று உலகக் கம்பெனிகள் பிரித்து வைத்திருந்தார்களே, அந்த எல்லைக்கோடெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. ஏழாயிரம் ரூபாய் மிஷின் முதல் வருஷ மாப்பிள்ளை மாதிரி. இலை போட்டு, பார்த்துப் பார்த்துப் பரிமாற வேண்டும். ஆயிரத்து இருநூறு ரூபாய் மிஷின் என்னை மாதிரி. பழையதைப் போட்டாலும் தின்னும்.

ஒரே சிக்கல், டிவி ஒன்று. அதில் ஏவி ஓட்டையும் ஒன்று. மகன் வயரைப் பிடுங்கினால் சிவாஜி பாதி வசனத்தில் மறைவார்; அம்மா பிடுங்கினால் டெண்டுல்கர் தொண்ணூற்றெட்டில் மறைவார். டெண்டுல்கர் என்றும் சொல்ல முடியாது. மகன் ஆடிய 2007 கிரிக்கெட் கேமில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான் சொந்தப் பெயர். உரிமை வாங்காததால் நம் ஆட்கள் பெயரெல்லாம் கொஞ்சம் திரித்து, ரேஷன் கார்டில் அச்சானதுபோல் இருக்கும்.

ரேஷன் கார்டுதான் எங்கள் பஞ்சாயத்தையும் தீர்த்தது. பூந்தமல்லியில் அம்மா பெயரில் இருந்த கார்டுக்குக் கிடைத்த இலவச கலர் டிவி, 14 அங்குலம், அண்ணன் வீட்டில் அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் கிடந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். அதில் மகன் ஆடிய முதல் கேம் ‘தேசி அட்டா’, ஹைதராபாத்தில் செய்தது. கபடி, கில்லி, பட்டம். ஜன்னலுக்கு வெளியே ஏரிக்கரையில் தெருப் பையன்கள் கில்லி அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் செலவு இரண்டு குச்சி. கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன்கள் எங்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். குச்சி வாசலில் கிடந்தது. நான் எடுத்து இரண்டு தட்டு தட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு டியூப்லைட் நாற்பது ரூபாய்.

2021-இல் மகனுக்கு இருபது வயது. டிப்ளமோ முடித்து எஸ்டேட்டிலேயே வேலை. நான் கணக்கு எழுதிய இடத்துக்குப் பக்கத்தில், லேத் பட்டறை இருந்த இடத்தில் எழும்பிய கண்ணாடிக் கட்டடத்தில். அந்த பிப்ரவரியில் ப்ளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தது. தட்டு போடும் மாடல் 49,990, தட்டே போட முடியாத மாடல் 39,990. மறுபடியும் அதே 39,990.

“தட்டு இல்லாததே போதும்பா. பத்தாயிரம் மிச்சம். யாரு இப்ப டிஸ்க் வாங்குறா?”

அவன் சொல்வது சரி. கடைசியாகப் பேசியவன் அவன். மோசர் பேர் கம்பெனியே 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

பரணிலிருந்து காத்துப் பெட்டியை இறக்கினேன். கரண்டு வந்தது, தட்டு வெளியே வரவில்லை. மாமனார் வந்து இடது மூலையில் உள்ளங்கையால் ஒரு அடி கொடுத்தார், நாக்கை நீட்டியது. இரண்டாவது சிடியைப் போட்டோம். ஐயர், புகை, நடுவில் தலை நிறைய முடியோடு நான். மாலை சரியும்போதெல்லாம் இழுத்துவிடும் மச்சான். கெட்டிமேளம் கொட்டச் சொல்லி யாரோ கையை ஆட்டினார்கள். நான் தாலியைக் கையில் எடுத்தேன். படம் கட்டம் கட்டமாக உடைந்து, நின்றது.

எப்போதும் அந்த இடத்தில்தான் நிற்கும். இதற்கும் ஒருநாள் நான் பேஸ்ட் தேய்த்தேன், அந்த இடத்தில்தான்.

“அடுத்த தட்டைப் போடுங்க” என்றாள் மனைவி. பந்தி மட்டும் ஒரு கீறல் இல்லாமல் ஓடியது. பெரியம்மா மூன்றாவது ஜாங்கிரிக்கு இலையை நகர்த்திக்கொண்டிருந்தார்.