எல்.சி. இல்லாத நட்பு

தான் ஜெயித்தால் இந்தியாவும் அமெரிக்காவும் உற்ற நண்பர்கள் என்று 2016 அக்டோபரில் நியூஜெர்சியில் முழங்கினார் வேட்பாளர் டிரம்ப். 2024 செப்டம்பரில் மீண்டும் வேட்பாளர். இம்முறை வர்த்தகத்தில் இந்தியா பெரிய அத்துமீறல் பேர்வழி. அதே மூச்சில், மோடி அருமையான மனிதர்!

அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு இப்படி மாற்றிப் பேசுவதெல்லாம் நல்ல தீனி. இராக் போரை ஆரம்பத்திலேயே எதிர்த்தவன் நான் என்று 2016 பிரசாரத்தில் அவர் மார்தட்ட, 2002 வானொலிப் பேட்டியைத் தோண்டியெடுத்துப் போட்டார்கள். போருக்குப் போகலாமா என்ற கேள்விக்கு அதில் அவர் இழுத்து இழுத்து ஆமோதித்திருந்தார். மாட்டிக்கொண்டார், ஜெயித்தும்விட்டார்.

பனியன் ஏற்றுமதி செய்யும் திருப்பூரில் இந்த ஆராய்ச்சிக்கு நேரமில்லை. இங்கே அமெரிக்க வெளியுறவுக் கொள்கை, சரக்கு வாங்கும் பையரின் மெயிலில் வரும். 2025 ஆகஸ்ட் 7-ல் 25 சதவீத வரி வந்தது. 27-ல் ரஷ்ய எண்ணெய் வாங்கிய குற்றத்துக்கு இன்னொரு 25. "சரக்கை நிறுத்தி வையுங்கள்" என்றது மெயில். டாலரில் விலைச்சீட்டு மாட்டிய பனியன்கள் அட்டைப்பெட்டியோடு அப்படியே நின்றன.

"ஏனுங்க, நாம வாங்குனது தையல் மிஷினுக்கு ஊத்தற எண்ணெய் மட்டுந்தானுங்களே?" என்று கட்டிங் மாஸ்டர் கேட்டால், பதில் சொல்ல வெளியுறவு அமைச்சகம்தான் வரவேண்டும்.

முன்பின் தெரியாத பையர் என்றால், பணத்துக்கு வங்கி தரும் உத்தரவாதமான எல்.சி. கைக்கு வராமல் துணியைக்கூட வெட்டமாட்டார்கள் நம்மாட்கள். வேட்பாளரின் நட்பை மட்டும் எப்படித்தான் வாய்வார்த்தையில் நம்பினார்களோ!