காமராசருக்கு ஒரு சரவெடி
காமராசர் பிறந்தநாளான ஜூலை 15 வந்தால் விருதுநகருக்கு அருகே ஆமத்தூர்ப் பக்கம் மைக்செட் அலறும். பட்டாசுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம். காமராசர் படத்துக்கு மாலை விழுமுன்பே சரவெடி தீர்ந்துவிடும். 2006இலிருந்து அது கல்வி வளர்ச்சி நாளும்கூட. பள்ளிக்கூடங்களில் பேச்சுப்போட்டி உண்டு. "நம்ம ஊர்க்காரர்" என்று எல்லாக் கட்சிக்காரர்களும் மார்தட்டுவார்கள். 1967 மட்டும் யார் வாயிலும் வராது. அந்தத் தேர்தலில் விருதுநகரிலேயே அவரை, பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் தோற்கவைத்தது வெளியூர்க்காரர்களா என்ன?

அவர் மறைந்தது 1975 அக்டோபர் 2. காந்தி ஜெயந்தியும் அன்றே என்பதால் ஒரே பந்தல், ஒரே மைக்செட், செலவு மிச்சம். டாஸ்மாக் மூடுவது மட்டும் காந்தி கணக்கில்.

ஐயா, ஓட்டுக் கேட்டு மறுபடி வந்துவிடாதீர்கள். மாலைக்கும் வெடிக்கும் நாங்கள் பொறுப்பு.