மூச்சுக்கு முந்நூறு வார்த்தை

கேள்வி: வாழைத்தாருக்கு விலை பேசும்போது மண்டிக்காரரிடம் கோபம் தலைக்கேறிவிடுகிறது. மூச்சைக் கவனித்தால் அடங்குமாமே, நிஜமா?
– ஒரு விவசாயி, சிறுமலை

பதில்: நிஜம்தான். 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை நம்பித்தானே திண்டுக்கல் வந்து சேர்கிறீர்கள்? கோபத்துக்கும் பிரேக் உண்டு. அது வெளிமூச்சில் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். ஆகவே 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி மெல்ல விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். சாதாரணமாக 12 முதல் 20 வரை ஓடும். பிராணாயாமத்தைத் திருமூலரே திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். மண்டியில் மட்டும் கண்ணை மூட வேண்டாம், தாரைப் பார்த்தபடியே செய்யுங்கள். குரலைத் தாராளமாக இறக்கலாம், விலையை இறக்கிவிடாதீர்கள்!